ஒளிரும் புரதங்களும் தஞ்சை நெல்லும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் உயிரணுவைப் பற்றியும் புரதத்தைப் பற்றியும் எழுதுவது பொருந்துமா என்னும் வினா சிலர் உள்ளத்தில் எழலாம். இலக்கியமும் இலக்கணமும் இடம்பெறும் பக்கங்களில் நுண்ணோக்கிக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்றே. சோறுண்டு வாழும் மக்களின் மொழி, அச்சோற்றைத் தரும் நெல்லுக்குள் நிகழ்வதைச் சொல்ல இயலாததாக இருத்தல் ஆகாது. காவிரிப் படுகையில் வாழும் நமக்கு நெல் ஒரு தொழிலின் பெயர் மட்டுமன்று. பள்ளிக் கட்டணமும் திருமணச் செலவும் கடன் தவணையும் அறுவடையை நோக்கியே இங்குக் காத்திருக்கின்றன. நம் மாணவர்களுள் பலர் அத்தகைய இல்லங்களிலிருந்தே வருகின்றனர்.

நெற்பயிரைத் தாக்கும் நோய் ஒன்றைக் குறித்து அறிவியலார் அண்மைக் காலத்தில் கண்டறிந்துள்ள சில உண்மைகள், ஒளிரும் அடையாளம் இட்ட புரதங்களின் துணையால் கிடைத்தவை. அவை தஞ்சை மண்ணோடு நெருங்கிய தொடர்புடையவை. ஆயினும் அவை பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களிலேயே தங்கியுள்ளன. வயல் வரப்புவரை வந்து சேரவில்லை. அவற்றைத் தெளிந்த தமிழில் சொல்லி உழவர் மக்களிடம் சேர்ப்பது நம் போன்ற கல்லூரிகளின் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தஞ்சை கண்ட முதற்கேடு

நாம் கூறும் நோய் குலைநோய். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவு செய்யப்பெற்றது 1913ஆம் ஆண்டில். அது பெருவாரியாகப் பரவிப் பேரழிவு விளைத்ததாக முதன்முதலில் அறியப்பட்டது 1919இல். அவ்வழிவு நேர்ந்த இடம் அன்றைய சென்னை மாகாணத்துத் தஞ்சைப் படுகையே. நாட்டின் பயிர்நோய் வரலாற்றை எழுதுவோர் குலைநோயைக் குறிப்பிடும்போதெல்லாம் நம் மண்ணின் பெயரைத் தவிர்க்க இயலாது. அந்நிகழ்வுக்கு மூன்றாண்டுகள் கழித்து, 1922இல், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. இன்றும் அது தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையமாக விளங்கி வருகின்றது.

குலை என்னும் சொல்லுக்குக் கொத்து என்றும் பொருளுண்டு. சிதைதல், நிலைகெடுதல் என்றும் பொருளுண்டு. நோயின் தன்மைக்கு இரண்டுமே பொருந்துகின்றன. இலையில் தோன்றும்போது கண்ணைப் போன்ற வடிவில், நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட புள்ளிகளாக அது தெரியும். கணுவில் தோன்றினால் கணு கருத்து ஒடியும். கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணி பிடிக்காமல் கதிர் பதராகும். உழவர் அஞ்சுவது இக்கழுத்துக் குலைநோயைத்தான். ஏனெனில் அது தெரியும்போது உழவு, நடவு, களை, உரம் ஆகிய எல்லாச் செலவும் முடிந்திருக்கும். வரவு மட்டுமே எஞ்சியிருக்கும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனி இறங்கி, இரவு குளிர்ந்து, இலைகள் விடியும்வரை நனைந்தே கிடக்கும் நாள்கள் இந்நோய்க்கு மிகவும் ஏற்றவை. சம்பாவும் தாளடியும் வளர்ந்து கதிர் விடும் காலம் அதுவே. தழைச்சத்து மிகுந்து பயிர் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும் வயலில் நோய் மேலும் விரைந்து பரவும். இவ்வளவும் நம் உழவர் தம் பட்டறிவால் அறிந்தவையே. அவர்கள் காணாதது ஒன்று உண்டு. புள்ளி தோன்றுவதற்கு முந்திய நாள்களில் இலையினுள் என்ன நடக்கிறது என்பதே அது.

கண்ணுக்குத் தெரியாத நான்கு நாள்கள்

குலைநோயை உண்டாக்குவது ஒரு பூசணம். மேக்னபோர்த்தே ஒரைசே என்பது இன்று வழங்கும் பெயர். நம் வேளாண் நூல்கள் பலவற்றில் பைரிகுலேரியா என்னும் பெயரும் காணப்படும். பேரிக்காய் வடிவில் அமைந்த அதன் வித்துகள் காற்றில் மிதந்து வந்து ஈர இலையின்மேல் படிகின்றன. படிந்த வித்து, தன் நுனியில் சுரக்கும் பசையால் இலையைப் பற்றிக்கொள்கிறது, பின் முளைக்கிறது, முளைத்த குழலின் முனையில் கும்மட்டம் போன்றதோர் உறுப்பை அமைக்கிறது. அவ்வுறுப்பின் சுவரில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் படிவதால், உள்ளிருப்பது வெளியே கசியாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு வரை எட்டக்கூடும். மகிழுந்துச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றோடு ஒப்பிட்டால் இது 40 மடங்கு. அந்த வலிமையால் நுண்ணிய முளையொன்று இலையின் தோலைத் துளைத்து உயிரணுவுக்குள் புகுகிறது.

வித்து படிந்ததிலிருந்து இவ்வளவும் நிகழ ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் போதும். மேலும் அரைநாள் கழிவதற்குள் பூசணம் அடுத்த உயிரணுவுக்குள் செல்லத் தொடங்கிவிடும். ஆனால் இலையில் புள்ளி தெரிவதற்கு நான்கு அல்லது ஐந்து நாள்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் பயிர் முழு நலத்தோடு நிற்பதாகவே உழவர் கண்ணுக்குப் படும். பூசணமோ உயிரணுவைக் கொல்லாமல், அதன் சவ்வைக் கிழிக்காமல், உள்ளேயே தங்கி வளர்ந்துகொண்டிருக்கும். நெல்லின் காவல் ஆற்றல் ஏன் விழித்துக்கொள்ளவில்லை? பூசணம் தான் சுரக்கும் சில புரதங்களை உயிரணுவுக்குள் அனுப்பி அக்காவலை அடக்கிவிடுகிறது என்பதே அறிவியலார் தரும் விடை. ஏவல் கேட்டுச் சென்று வினை முடிப்பவை ஆதலின் அவற்றை ஏவற்புரதங்கள் என நாம் அழைக்கலாம்.

இப்புரதங்கள் எவ்வழியாகச் சென்றன, எங்கே தங்கின, எவ்வாறு நெல்லின் உயிரணுவுக்குள் ஏற்கப்பட்டன என்பவற்றைச் சாதாரண நுண்ணோக்கியால் அறிய இயலாது. புரதத்துக்கு நிறமில்லை, அளவோ மிகச் சிறிது. ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருங்கி இயங்கும் உயிரணுவில் ஒன்றை மட்டும் அடையாளங்காண, அதன்மேல் ஒரு விளக்கை ஏற்றியாக வேண்டும்.

விளக்கு வந்த வழி

சில பொருள்கள் ஒருவகை ஒளியை ஏற்று, வேறு நிற ஒளியை உடனே வெளியிடும். ஏற்கும் ஒளியை நிறுத்தினால் வெளியிடும் ஒளியும் நின்றுவிடும். 1852ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதனை விளக்கிப் பெயரிட்டார். 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் எதிர்ப்புரதங்களோடு ஒளிரும் சாயத்தை வேதிமுறையில் இணைத்து, அவை சென்று பற்றும் இடத்தை நுண்ணோக்கியில் கண்டனர். புரதத்துக்கு ஒளி அடையாளம் இடும் முறை இவ்வாறு வளரத் தொடங்கிற்று.

அடுத்த பெருந்திருப்பம் கடலிலிருந்து வந்தது. ஒசாமு சிமோமுரா என்னும் ஜப்பானியர் 1961ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஏறத்தாழ 10,000 சொறிமீன்களைப் பிடித்து ஆராய்ந்தார். அவற்றிலிருந்து பிரித்த பொருள்களுள், பச்சை ஒளி வீசும் புரதம் ஒன்றும் இருந்தது. 1962இல் அதனைக் குறித்து எழுதினார். 1992இல் டக்ளஸ் பிராஷர் அப்புரதத்துக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்துப் பிற ஆய்வாளர்களுக்கும் வழங்கினார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அம்மரபணுவைப் பாக்டீரியாவிலும் சிறு புழுவிலும் செலுத்தி, அவை பச்சையாய் ஒளிர்வதைக் காட்டினார். ரோஜர் சியென் அப்புரதத்தைத் திருத்தி, பல நிறங்களில் ஒளிரும் வகைகளை உருவாக்கினார். சிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இதன் சிறப்பு யாது? சாயத்தை வெளியிலிருந்து பூச வேண்டுவதில்லை. நாம் பின்தொடர விரும்பும் புரதத்தின் மரபணுவோடு ஒளிர்புரதத்தின் மரபணுவை இணைத்துவிட்டால், உயிரணு தானே இரண்டையும் ஒரே புரதமாகச் செய்து தரும். அது செல்லும் இடமெல்லாம் ஒளியும் செல்லும். கொல்லாமலும் அறுக்காமலும், உயிரோடிருக்கும் உயிரணுவில் ஒரு புரதத்தின் பயணத்தைக் காண மனிதனுக்கு இவ்வாறு வழி பிறந்தது.

இந்தியாவிலும் இத்துறை செழித்துள்ளது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் சத்யஜித் மேயரும் அவர்தம் குழுவினரும், விலங்கு உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் உள்ளே ஏற்கப்படும் வழிகளை ஒளி அடையாளத்தின் துணையால் ஆராய்ந்தனர். உயிரணு பொருள்களை உட்கொள்ள நன்கறியப்பட்ட வாயில் ஒன்றுண்டு. கிளாத்ரின் என்னும் முக்காற் புரதங்கள் பல கூடிக் கூடை போல் சவ்வை வளைத்து, அதிலுள்ள பொருளோடு உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி அது. 1975இல் பார்பரா பியர்ஸ் இப்புரதத்தைப் பிரித்தறிந்தார். கிளாத்ரின் துணையின்றி நடைபெறும் வேறொரு வாயிலும் உண்டு என்பதை மேயரின் குழு 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. ஒரு வீட்டுக்குத் தலைவாயிலும் கொல்லைவாயிலும் இருப்பது போல, உயிரணுவுக்கும் வாயில்கள் பல என்பது இவற்றால் தெளிவாயிற்று.

நெல்லுயிரணுவில் கண்ட காட்சி

குலைநோய்ப் பூசணத்தின் ஏவற்புரதங்களை ஒளியால் பின்தொடர்ந்த ஆய்வுகளுள் முதன்மையானவை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா வேலண்ட் அவர்களின் ஆய்வகத்தில் நிகழ்ந்தவை. 2010ஆம் ஆண்டில் சாங் ஹியுன் காங் முதலியோர் அங்கிருந்து வெளியிட்ட ஆய்வின் முறை எளிதில் விளங்கக் கூடியது. பூசணத்தின் மரபணுவில் ஏவற்புரதத்தோடு செந்நிற ஒளிர்புரதத்தை இணைத்தனர். ஆகவே நெல்லின் உயிரணுவுக்குள் அச்செவ்வொளி தெரிந்தால், அது பூசணத்திலிருந்தே வந்திருத்தல் வேண்டும். பச்சையம் குறைந்து கண்ணாடி போல் தெளிந்திருக்கும் இலையுறையின் உட்புறத் தோலை மெல்லியதாகச் சீவி நோக்கினர்.

உள்ளே புகுந்த பூசண இழையின் ஓரத்தில் ஒரு சிறு கூடம் அமைகின்றது. உயிரணுவுக்குள் செல்ல வேண்டிய ஏவற்புரதங்கள் அங்குத் திரள்கின்றன. ஆனால் கூடத்திலிருந்து புறப்பட்டு உயிரணு முழுவதும் கலந்தபின் ஒளி மிக மங்கிவிடும். குளத்தில் விழுந்த ஒரு துளி மையை யார் காண்பார்? இதற்கு ஆய்வாளர் கண்ட உபாயம் நயமானது. அப்புரதத்தோடு, உட்கருவுக்குச் செல்க என்னும் முகவரி போன்றதொரு துண்டையும் இணைத்தனர். பரந்து கிடந்த ஒளி உட்கருவில் வந்து திரண்டது, கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது வியப்பான ஓர் உண்மை வெளிப்பட்டது. பூசணம் புகுந்த உயிரணுவில் மட்டுமன்றி, அது இன்னும் தொடாத அண்டை உயிரணுக்களின் உட்கருக்களிலும் செவ்வொளி தோன்றியது. படை வருமுன் ஒற்றர் சென்று ஊரைத் தம் வசப்படுத்துவது போல, ஏவற்புரதங்கள் பூசணத்துக்கு முன்னரே அடுத்த உயிரணுக்களுக்குச் சென்று வழி அமைக்கின்றன என்பது இதனால் உய்த்துணரப்பட்டது. புரதத்தின் பருமன் கூடக்கூட இவ்வோட்டம் குறைவதும் காணப்பட்டது.

2013இல் வெளிவந்த ஆய்வு, பூசணம் இருவேறு வழிகளில் புரதங்களை அனுப்புகிறது எனக் காட்டிற்று. உயிரணுவுக்கு வெளியே நிற்க வேண்டியவை ஒரு வழியாகவும், உள்ளே செல்ல வேண்டியவை மற்றொரு வழியாகவும் செல்கின்றன. முதல் வழியை அடைக்கும் மருந்து இரண்டாம் வழியை அடைக்கவில்லை.

எஞ்சி நின்ற வினா ஒன்று. கூடத்தில் திரண்ட புரதம் நெல்லின் சவ்வைக் கடப்பது எவ்வாறு? வேலண்ட், நிக்கோலஸ் டால்பட் முதலியோருடன் எலி ஒலிவேரா கார்சியா எழுதி 2023இல் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தருகின்றது. இம்முறை பூசணத்தின் ஏவற்புரதத்துக்கும் நெல்லின் கிளாத்ரினுக்கும் வெவ்வேறு நிற ஒளி அடையாளம் இடப்பட்டது. கூடத்தில் சவ்வு சூழ்ந்த சிறு பைகளில் ஏவற்புரதங்கள் இருப்பதையும், அப்பைகள் இருக்கும் இடத்திலேயே நெல்லின் கிளாத்ரினும் கூடுவதையும் கண்டனர். நெல்லில் கிளாத்ரின் வழியைத் தடுத்தபோது சிறு பைகள் மறைந்து கூடம் வீங்கிற்று. நெல் தன் அன்றாடத் தேவைக்காக வைத்துள்ள வாயிலையே பூசணம் தன் தூதருக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது இதன் சாரம். பூட்டை உடைத்துப் புகும் கள்வனை அறிவோம். இங்கோ வீட்டாரே கதவைத் திறந்து அழைத்துச் செல்லும்படி வேடமிட்டு வருகிறான் கள்வன்.

ஒளியை நம்பும் முறை

ஒளி தெரிந்தது, ஆகவே உண்மை தெரிந்தது என்று முடிவு கட்டிவிடுதல் அறிவியல் ஆகாது என்பதையும் நம் மாணவர் உணர்தல் வேண்டும். பச்சையம் தானே செந்நிறமாக ஒளிரக் கூடியது. தாவர உயிரணுவின் சுவரும் ஒளிரும். இவற்றைப் புரதத்தின் ஒளியென மயங்குதல் எளிது. சொறிமீனின் பச்சை ஒளிர்புரதம் புளிப்புத் தன்மை மிகுந்த இடத்தில் மங்கிவிடும். அங்கே ஒளி இல்லை என்பதால் புரதமும் இல்லை என்று கூறிவிட முடியாது. அடையாளம் இடும் புரதம் 238 அமினோ அமிலங்களால் ஆனது. பின்தொடரும் புரதத்தைவிடப் பெரியதாகவும் இருக்கக்கூடும். சுமை ஏற்றிய தூதன் சுமையின்றிச் செல்பவனைப் போல் நடப்பானா என்று ஐயுற வேண்டும். இணைப்பு அறுந்து விளக்கு மட்டும் தனியே அலைவதும் உண்டு. ஆகையால்தான் நல்ல ஆய்வாளர் வெறும் ஒளிர்புரதத்தை மட்டும் அனுப்பி அது என்ன செய்கிறது என்பதையும் உடன் வைத்து ஒப்பிடுகின்றனர்; வாயிலை அடைத்துப் பார்த்து வேறுபாட்டைக் குறிக்கின்றனர்.

இந்த ஐயுறவு புதியதன்று. ஒளியியலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெருநூல் படைத்த இப்னு அல் ஹைதம், தாலமியின் மீது எழும் ஐயங்களையே தனி நூலாக எழுதியவர். காவிரிக் கரையில் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமனின் வரலாறும் இதற்குச் சான்று. அவர் ஆய்வகத்தில் 1923இல் கே. ஆர். இராமநாதன் நீர்மங்களில் ஒரு மங்கிய ஒளியைக் கண்டார். மாசினால் தோன்றும் மெல்லிய ஒளிர்வு என முதலில் கருதினர். மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அவ்வொளி நீங்கவில்லை. ஐந்தாண்டுகள் விடாது ஆய்ந்தபின், அது ஒளிர்வன்று, புதியதொரு சிதறல் என 1928இல் உலகுக்கு அறிவித்தார் இராமன். எளிதில் கிடைத்த விளக்கத்தோடு அமைந்திருந்தால் அப்பெருங்கண்டுபிடிப்பு நமக்குக் கிட்டியிராது.

உழவருக்கு இதனால் ஆவது என்ன?

கான்சாஸ் ஆய்வகத்தில் கண்ட செவ்வொளியால் கும்பகோணத்து வயலுக்கு என்ன பயன் என்று சமுதாயப் பெரியோர் கேட்பது முறையே. இவ்வாய்வுகளிலிருந்து குலைநோய்க்கு உடனடி மருந்தொன்று பிறந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது உழவரை ஏமாற்றுவதாகும். ஆனால் இரு நன்மைகள் தெளிவானவை.

ஒன்று, எதிர்ப்புத்திறன் கொண்ட நெல் வகைகளை உருவாக்குதல். உயிரணுவுக்குள் வந்த ஏவற்புரதத்தை அடையாளங்கண்டு காவலை எழுப்பும் மரபணுக்கள் சில நெல் வகைகளில் உண்டு. தடுக்கன் என்னும் வகையிலிருந்து பெறப்பட்ட பி-டா என்னும் மரபணு அவற்றுள் ஒன்று. அம்மரபணு தரும் புரதம் பூசணத்தின் ஏவற்புரதத்தை நேரே பற்றுவதாக 2000ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆனால் பூசணம் தன் புரதத்தைச் சற்றே மாற்றிக்கொண்டால் காவல் பயனற்றுப் போகும். எந்தப் புரதம் எங்கே செல்கிறது என்று அறிந்தால்தான், எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத இடத்தில் காவலை நிறுத்த இயலும். இதே பூசணத்தின் ஒரு கிளை 1985இல் பிரேசிலில் கோதுமையைத் தாக்கி, 2016இல் வங்கதேசம் வரை வந்துவிட்டது. ஆகவே இது நெல்லோடு நிற்கும் கவலையும் அன்று.

மற்றொன்று, காலம் பற்றிய அறிவு. நம் கருத்தில் உழவருக்கு இன்றே பயன்படுவது இதுவே. குலைநோய்க்குப் பரவலாக அறியப்பட்ட டிரைசைக்ளசோல் என்னும் மருந்து எவ்வாறு செயற்படுகிறது? பூசணத்தின் கும்மட்ட உறுப்பில் மெலனின் படியாமல் தடுக்கிறது. மெலனின் இல்லையேல் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிடில் இலையைத் துளைக்க முடியாது. அஃதாவது, அது வாயிலில் நின்று தடுக்கும் காவலே அன்றி, உள்ளே புகுந்துவிட்ட பகைவனை விரட்டும் படை அன்று. கதிர்க்கழுத்து கருத்தபின் அதனைத் தெளித்தால், கருத்த கழுத்து மீளாது. கடன் மட்டும் கூடும். புள்ளி தோன்றுவதற்கு முன்னரே போர் தொடங்கிவிடுகிறது என்பதை ஒருமுறை விளங்கச் சொன்னால், எப்போது தெளிக்க வேண்டும், ஏன் தழைச்சத்தைப் பிரித்து இட வேண்டும், ஏன் விதை நேர்த்தி செய்ய வேண்டும் என்பன யாவும் கட்டளையாக அன்றிக் காரணத்தோடு மனத்தில் பதியும்.

தமிழின் கடமை

இங்கேதான் தமிழ்த்துறைக்கு வேலை இருக்கிறது. நம் உழவர் வேளாண் விரிவாக்க மையத்திலிருந்து சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் தூளை வாங்கி வந்து, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதை நேர்த்தி செய்கின்றனர். குலைநோயைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைக்கப்படும் நன்மை செய்யும் பாக்டீரியா அது. புறஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும் பொருளைச் சுரப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. ஒளிர்வைக் குறிக்கும் சொல் இவ்வாறு உழவரின் கையிலேயே பொட்டலமாக இருக்கின்றது. ஆயின் அதன் பொருளை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பொருள் விளங்காத சொல் மந்திரமாகிவிடுகிறது. மந்திரம் பலிக்காதபோது மனிதர் கடைக்காரர் சொன்னதைத் தெளிக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

தமிழில் இவற்றைச் சொல்ல முடியாது என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. ஒளியை ஏற்றவுடன் ஒளிர்ந்து, அது நின்றவுடன் நிற்பதை உடனொளிர்வு என்கிறோம். ஒளி நின்றபின்னும் சிறிது நேரம் ஒளிர்வதை நின்றொளிர்வு என்கிறோம். ஆங்கிலச் சொற்கள் இரண்டும் அவ்வேறுபாட்டைத் தம் உருவில் காட்டுவதில்லை. தமிழ்ச் சொற்கள் காட்டுகின்றன. அதே வேளை, எண்ணிப் பாராது ஆக்கும் சொல் இடர் தரும் என்பதற்கும் சான்று உண்டு. உயிரணுவுக்குள் புரதம் இடம் விட்டு இடம் செல்வதைக் கடத்தல் என்று எழுதுவோர் உளர். செய்தித்தாள் படிக்கும் மக்களுக்கு அச்சொல் தங்கத்தையும் மணலையும் நினைவூட்டும். உள்ளகப் போக்குவரத்து என்றால் தெளிவாக விளங்கும். உயிரணு பொருளை ஏற்பதை உட்கொள்ளல் எனலாம். கிளாத்ரின், மெலனின் போன்ற பெயர்களை மனிதர் பெயரைப் போல் ஒலிபெயர்த்தே வழங்கலாம். செயல்களுக்குத் தமிழ், பொருளின் தனிப்பெயருக்கு ஒலிபெயர்ப்பு என்பதே நாம் பரிந்துரைக்கும் நெறி.

இப்பணிக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் ஆக்கினார். பெ. நா. அப்புசுவாமி தம் வாழ்நாள் முழுதும் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா (1935–2017), கலைச்சொல் களஞ்சியங்களைத் தனியொருவராக நின்று தொகுத்தளித்தார். 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அறிவியல் தமிழை வளர்க்கும் நோக்கினையும் உட்கொண்டே. ஆனால் களஞ்சியத்தில் அடுக்கிய சொல் விதைநெல் போன்றது. வயலில் இறங்கினால்தான் அது பயிராகும். சொற்பட்டியல்கள் நம்மிடம் உள்ளன. அச்சொற்களை வைத்து ஒரு நோயின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லும் கட்டுரைகளே அரியனவாக உள்ளன.

செய்யத் தக்கன

நம் கல்லூரி அளவில் தொடங்கக் கூடியவற்றை மட்டும் இங்கு முன்வைக்கிறோம். தமிழ்த்துறையும் தாவரவியல், விலங்கியல் துறைகளும் கூடி, நெல்லின் நோய்களைப் பற்றி நூறு சொற்கள் கொண்ட சிறு அகராதி ஒன்றை ஆக்கலாம். அதனை அச்சிடுமுன் உழவர் சிலரிடம் படித்துக் காட்டி, அவர்களுக்கு விளங்காத சொல்லை நீக்க வேண்டும். உழவர் வழக்கில் ஏற்கெனவே நல்ல சொல் இருப்பின் அதுவே முதலிடம் பெற வேண்டும். முதுகலைத் தமிழ் மாணவர் தம் ஆய்வேட்டுக்கு ஓர் அறிவியல் கட்டுரையின் மொழியாக்கத்தையும் விளக்கத்தையும் பொருளாகக் கொள்ள வழி செய்யலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுள் ஒன்றைச் சம்பாப் பருவத்தில், பனி இறங்குமுன் நடத்தி, கண்ணுக்குத் தெரியாத நான்கு நாள்களைப் பற்றி ஊர்தோறும் எடுத்துரைக்கலாம். ஆண்டுக்கொரு முறை மாணவரை ஆடுதுறைக்கு அழைத்துச் செல்லலாம்.

கல்விப் புரவலர்களான பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உடனொளிர்வைக் காட்டும் நுண்ணோக்கி விலை மிக்கது; கல்லூரிதோறும் வாங்குதல் எளிதன்று. சுற்று வட்டாரக் கல்லூரிகள் சில கூடி ஒன்றை வாங்கிப் பொதுவில் பயன்படுத்த அவர்கள் துணை நிற்கலாம். கட்டடம் எழுப்புவது போன்றே, கண் திறக்கும் கருவி வழங்குவதும் நிலைத்த அறமே. அக்கருவியின் முன் அமரும் மாணவர், தாம் கண்டதைத் தம் வீட்டாருக்குத் தாய்மொழியில் சொல்லத் தெரிந்தவராகவும் இருப்பின், அவ்வறம் இருமடங்காகும்.

1919இல் தஞ்சை உழவர் தம் பயிர் பதராவதைக் கண்டு நின்றபோது, பகைவன் எவ்வழி வந்தான் என்று அவர்களுக்குச் சொல்ல உலகில் எவராலும் இயலவில்லை. இன்று அவ்வழி பெரும்பகுதி தெரிந்துவிட்டது. செவ்வொளியாகவும் பச்சையொளியாகவும் படம் பிடிக்கப்பட்டுவிட்டது. அன்று அறியாமை இருந்தது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. இன்று அறிவு இருந்தும் அது உழவரை எட்டாதிருப்பின், அதற்குக் கற்றவராகிய நாமே பொறுப்பாளர். அறிவியல் ஏற்றிய விளக்கைத் தமிழ் என்னும் அகலில் ஏந்தி வரப்புவரை கொண்டு செல்ல, மாணவரும் ஆசிரியரும் பெரியோரும் ஒருங்கு முனைவோமாக.